நீல விளக்கு அணையாத கார்

குன்னூரில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை சரக்கு எடுக்க மேட்டுப்பாளையம் இறங்குவேன். கார் 2014 மாடல் பெட்ரோல் வண்டி, ஈரோட்டுப் பக்கம் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. மீட்டரில் வெப்பநிலை முள் கிடையாது. என்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். காலையில் எரியும் நீல விளக்கு நாலைந்து நிமிட ஓட்டத்தில் அணைந்துவிட வேண்டும். என் வண்டியில் பாதி மலை இறங்கும்வரை எரியும். அணைந்த பிறகும் இரண்டாம் கியரில் நீளமாக இறங்கினால் மறுபடி எட்டிப் பார்க்கும். ஹீட்டரைத் திருப்பினால் ஊதி ஆற்றிய காபி மாதிரி ஒரு காற்று வரும்.

ஒரு வருஷம் அப்படியே ஓட்டினேன். சூடாகிற வண்டி நடுவழியில் நிறுத்திவிடும் என்று பயம். குளிர்ந்து ஓடுகிற வண்டி எங்கேயும் நிறுத்தாது, அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் பெட்ரோல் குடிக்கும். என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியூ, அதாவது என்ஜினை நடத்தும் சின்னக் கம்ப்யூட்டர், கூடுதலாக எரிபொருளை ஊற்றிக்கொண்டே இருக்கும். எனக்கு லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 12க்கு வந்தது. பிளக்கைக் கழற்றினால் கரி. ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் ஒரு பசை. குளிர் ஊரில் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓட்டுகிற எந்த வண்டியிலும் அந்தப் பசை வரும், பதற வேண்டாம். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டும் சேர்ந்து குறைந்துகொண்டே போனால்தான், என்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் என்ற அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? எதையும் வாங்குவதற்கு முன்னால் கூலன்ட் அளவைப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில், கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்போது மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். சூடான ரேடியேட்டரைத் திறந்தால் முகம் வெந்துவிடும். அளவைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். கூலன்ட் இறங்கி சென்சார் காற்றில் நின்றால், உள்ளே என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் குறைவாகவே காட்டும். குளிராக ஓடுகிறது என்று நீங்கள் நினைக்கிற வண்டி உண்மையில் கொதிக்கிற வண்டியாக இருக்கலாம்.

அடுத்தது ஸ்கேனர். 2013க்குப் பிறகு வந்த வண்டி என்றால் வண்டியின் கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகிப் போனில் பார்க்கலாம். என் வண்டியில் பி0128 என்ற பிழைக் குறியீடு பதிவாகியிருந்தது. கூலன்ட் எட்ட வேண்டிய சூட்டை எட்டவில்லை என்று அர்த்தம். குறியீட்டைப் பார்த்ததும் கடைக்கு ஓடாதீர்கள், ஏன் எட்டவில்லை என்று அது சொல்லாது.

முதலில் சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் 11 டிகிரி. ஒன்று 11, இன்னொன்று மைனஸ் 40 என்று காட்டினால் பெரும்பாலும் ஒயரோ கனெக்டரோ விட்டுப்போயிருக்கும்.

அப்புறம் ஏசியை அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஏசி போட்டிருந்தால் ரேடியேட்டர் ஃபேன் எப்படியும் சுற்றும், சோதனை கெட்டுவிடும். ஏசி இல்லாமல், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஃபேன் சுற்றினால் அதற்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது யாரோ புண்ணியவான் டைரக்டாக ஒயர் கொடுத்திருக்கலாம்.

ஃபேன் சும்மா இருந்தால், ரேடியேட்டருக்கு மேலே வரும் தடித்த ஹோஸைப் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கை போகாமல் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். என்ஜின் சூடான பிறகுதான் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் கதவுதான் தெர்மோஸ்டாட் வால்வு. பெரும்பாலான வண்டிகளில் அது மூடியிருக்கும் வரை அந்த ஹோஸ் குளிர்ந்தே கிடக்கும். ஸ்கேனரில் எண் 80ஐத் தாண்டியதும் திடீரென்று சுடும். என் வண்டியில் ஹோஸும் எண்ணும் கைகோத்துக்கொண்டு மெதுவாக ஏறின. நிறுத்தி வைத்து ஓடவிட்டால் 70, மலை இறங்கினால் 58. நின்றால் ஏறுவதும் ஓடினால் இறங்குவதும்தான் இதில் முக்கியமான அடையாளம்: போகக்கூடாத நேரத்தில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகிறது. ஹோஸ் கை வைக்க முடியாமல் சுட்டு, எண் மட்டும் 50லேயே நின்றிருந்தால் சென்சாரை மாற்றியிருப்பேன்.

வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது என்று முடிவு செய்து, புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு மெக்கானிக் பாயிடம் போனேன். மூன்று போல்ட். ஹவுசிங்கைக் கழற்றிவிட்டு விரலை உள்ளே விட்டுத் துழாவினார். சிக்கிக்கொள்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

"வெயில் ஊர் வண்டிண்ணே, கழட்டி எறிஞ்சிருக்காங்க" என்றார்.

நம் ஊரில் இது ஒரு வழக்கம். ஒருமுறை வண்டி சூடானால் வால்வைக் கழற்றிவிடுவது. இந்தச் சூட்டுக்கு அது எதற்கு என்று சொல்வார்கள். ரேடியேட்டர் அடைப்பு அப்படியே இருக்கும், அது வெளியே தெரியாமல் போகும். சில என்ஜின்களில் அந்த வால்வின் அடித்தட்டுதான் ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றும் பைபாஸ் வழியை அடைக்கிறது. அதைக் கழற்றினால் சுடுதண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றி, வண்டி இன்னும் அதிகமாகச் சூடாகும்.

புது வால்வை மாட்டுவதற்கு முன் சட்டியில் சோதியுங்கள். விளிம்பில் 82 அல்லது 88 என்று திறக்கும் சூடு பொறித்திருக்கும். நூலில் கட்டி, சட்டியின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வாய் பிளக்க ஆரம்பிக்க வேண்டும், வெளியே எடுத்தால் மூட வேண்டும். மலைவாசிகளுக்கு மட்டும் ஒரு விஷயம்: குன்னூரில் தண்ணீர் கிட்டத்தட்ட 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். முழுக்கத் திறக்க அதற்கு மேலும் சூடு வேண்டியிருக்கும், அதனால் பாதிதான் திறக்கிறது என்று நல்ல வால்வைத் தூக்கி எறியாதீர்கள். நான் எறியப் போனேன்.

மாட்டும்போது மெழுகுக் குமிழ் இருக்கும் பக்கம் என்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும், சின்னதாக ஆடும் ஊசி மேல்பக்கம் வர வேண்டும். ரப்பர் வளையம் புதிது போடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலன்ட் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்.

மறுநாள் இறங்கினேன். இரண்டாம் கியரிலும் 84க்குக் கீழே போகவில்லை. திரும்பும்போது அரிசி மூட்டைகளோடு பர்லியார் தாண்டி ஏறுகையில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். எண் 97. முன்னால் ஏதோ உறுமியது. ஓரம் கட்டி, நடுங்கிக்கொண்டே பாய்க்குப் போன் போட்டேன். போனைப் பானெட் பக்கம் காட்டச் சொன்னார்.

"அது ஃபேன் சத்தம்ணே. இத்தனை நாளா அதுக்கு வேலையே இல்ல."