மொட்டைமாடி சோலாரை இ.பி. லைனில் இணைப்பது எப்படி: பெயர் மாற்றத்திலிருந்து மத்தியான வோல்டேஜ் வரை

மாடியில் பேனல் மாட்டுவது ஒரு நாள் வேலை. அதை மின்வாரிய லைனோடு முறைப்படி இணைத்து, நெட் மீட்டர் (வாங்கும் யூனிட்டையும் அனுப்பும் யூனிட்டையும் தனித்தனியாக எண்ணும் மீட்டர்) வாங்கி, மானியமும் கணக்குக்கு வரும்வரைதான் பலருக்கும் திணறுகிறது. எங்கள் வீட்டில் 3 கிலோவாட் போட்டு ஓடத் தொடங்கியதிலிருந்து சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதை வரிசையாக எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் சொந்த வீடு, வீட்டு உபயோக இணைப்பு, பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, இந்த மூன்றும் பொருந்துகிறவர்களுக்கான பதிவு இது. பேனலை எந்தத் திசையில் சாய்ப்பது, நிழல் பார்ப்பது எப்படி என்பதற்குள் போகவில்லை.

யார் விதி, எந்த விதி

மூன்று இடங்களிலிருந்து விதிகள் வருகின்றன. லைனில் இணையும் கருவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மத்திய மின்சார ஆணையத்தின் 2013 தொழில்நுட்ப ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. 2019இல் அவற்றைத் திருத்தினார்கள். விண்ணப்பத்தை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் இருக்கிறது; அது 2020இல் வந்தது, 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்டது. மீட்டர் முறையும் பில் கணக்கும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 ஒழுங்குமுறைகளின் கீழ் வருகின்றன. பிரிவு அலுவலகத்தில் பேசும்போது எதற்கு எந்த விதி என்று தெரிந்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

படி 1: இ.பி. இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?

பழைய பில்லை எடுத்துப் பெயரைப் பாருங்கள். தாத்தா பெயரிலோ, காலமான அப்பா பெயரிலோ, வீட்டை விற்றவர் பெயரிலோ இருந்தால் முதலில் பெயர் மாற்றம். வேறு எதையும் தொடவே வேண்டாம். விண்ணப்பம், நெட் மீட்டர் ஒப்பந்தம், மானியம் வரும் வங்கிக் கணக்கு எல்லாம் இந்தப் பெயரை ஒட்டியே போகும். நடுவில் மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, பத்திர நகல் ஆகியவற்றைத் தயாராக எடுத்து வையுங்கள். ஆதாரில் இருக்கும் எழுத்தும் பில்லில் இருக்கும் எழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் இப்போதே பாருங்கள். இனிஷியல் முன்னே பின்னே இருந்தாலும் அலைச்சல்தான்.

அடுத்து, அனுமதிக்கப்பட்ட மின்பளு. போடப்போகும் சோலார் அதற்குள் அடங்க வேண்டும். பில்லில் 2 கிலோவாட் என்று இருந்து நீங்கள் 3 போட நினைத்தால் பளுவை உயர்த்த வேண்டும். 2024 திருத்தத்தின்படி 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பம் முழுமையாக இருந்தால் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலேயே ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். தேவையான பளு உயர்வையும் விநியோக நிறுவனமே செய்து தர வேண்டும். இருந்தாலும் பளுவை முன்கூட்டியே சரிசெய்துவிட்டு விண்ணப்பிப்பதுதான் நல்லது என்பேன். பின்னால் ஒரு கேள்வி குறையும்.

படி 2: உங்கள் டாரிஃப் (கட்டண வகை) எது?

வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டரிங். லைனிலிருந்து வாங்கிய யூனிட்டில் நீங்கள் அனுப்பிய யூனிட்டைக் கழித்து, மீதிக்குத்தான் பில். அனுப்பியது அதிகம் என்றால் மிச்சம் அடுத்த பில்லுக்குப் போகும். வீட்டு முன்பகுதியில் கடையோ அலுவலகமோ வைத்து வணிக டாரிஃபில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு: வாங்குவதற்கு ஒரு விலை, அனுப்புவதற்கு அதைவிடக் குறைந்த விலை. இதைப் பார்க்காமல், ‘நாலு வருஷத்தில் போட்ட காசு திரும்பிடும் சார்’ என்று விற்பனையாளர் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

படி 3: விண்ணப்பமும் மானியமும்

வீட்டு சோலாருக்கு மானியம் தரும் மத்திய அரசுத் திட்டமான பி.எம். சூர்ய கர் தளத்தில் மாநிலம், விநியோக நிறுவனம், சர்வீஸ் எண், மொபைல் எண் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பழைய டான்ஜெட்கோ 2024இல் பிரிக்கப்பட்ட பிறகு விநியோகம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் இருக்கிறது. பெயர் மாறியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மானியக் கணக்கு எளிது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். பேனல் திறன், இன்வெர்ட்டர் (பேனலின் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கும் லைனுக்கும் ஏற்ற ஏ.சி.யாக மாற்றும் கருவி; பேட்டரி யு.பி.எஸ். அல்ல) திறன் இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கில் வரும். 540 வாட் பேனல் ஆறு மாட்டினால் 3.24 கிலோவாட், அதோடு 3 கிலோவாட் இன்வெர்ட்டர் என்றால் 3 ஆகவே எடுத்துக்கொள்வார்கள். 3.3 பேனலுக்கு 2.5 கிலோவாட் இன்வெர்ட்டரைக் கொடுத்துவிட்டு முழு மானியம் வரும் என்று சொல்லும் கொட்டேஷன்களைக் கவனித்துப் பாருங்கள்.

இன்னொன்று: பேனல் மட்டும் இந்தியாவில் செய்யப்பட்டால் போதாது, உள்ளே இருக்கும் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். இதை ‘டி.சி.ஆர். பேனல்’ என்பார்கள். கொட்டேஷனில் அந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பேனல் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள். மேலே மாட்டிவிட்டால் அந்த ஸ்டிக்கரைப் பார்க்கவே முடியாது. தளத்தில் விண்ணப்ப எண் வந்த பிறகு, அங்கே பதிவு பெற்ற நிறுவனத்துக்குத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

படி 4: சாமான்

இதில் எனக்குப் பிடிவாதங்கள் உண்டு. ஸ்டாண்டு ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததாக (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக) இருக்க வேண்டும். வெட்டி வெல்டு வைத்து மேலே சில்வர் பெயிண்ட் அடித்ததை வாங்கவே வேண்டாம். மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் என்று எழுதி வாங்குங்கள், கடலோர ஊர்க்காரர்கள் கட்டாயம். எர்த் மூன்று தனித்தனியாக: டி.சி. பக்கத்துக்கு ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. ‘இருக்கிற எர்த்திலேயே கொடுத்திடலாம்’ என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பேனல் கம்பிகளை இணைக்கும் கனெக்டரின் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வேறு வேறு கம்பெனி கனெக்டர்கள் கைக்குப் பொருந்துவதுபோல் தெரியும், நாளடைவில் சூடாகி உருகும்.

உங்கள் கையில் வோல்டேஜ் பார்க்கும் மல்டிமீட்டர் ஒன்று அவசியம் இருக்க வேண்டும். ஏன் என்று படி 7இல் தெரியும்.

படி 5: நெட் மீட்டர் வரும்வரை ஆன் செய்யாதீர்கள்

பேனல் மாட்டி இன்வெர்ட்டரும் வைத்தாயிற்று, வெயில் வீணாகப் போகிறதே என்று ‘டெஸ்டிங்’குக்குப் போட்டுவிடுவார்கள். பழைய மீட்டர்கள் பலவும் மின்சாரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. நீங்கள் லைனுக்கு அனுப்பும் யூனிட்டையும் வாங்கியதாகவே எண்ணிக் கூட்டும். தெருவுக்கு இலவசமாகக் கொடுத்த மின்சாரத்துக்கு நீங்களே பில் கட்டுவீர்கள். இரண்டு மாதப் பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட் எப்படி ஏறும் என்று நம் ஊரில் சொல்லவே வேண்டாம். அதோடு, அனுமதி இல்லாமல் லைனுக்கு மின்சாரம் அனுப்புவது விதிமீறலும்கூட.

வேலை முடிந்த சான்றிதழைத் தளத்தில் ஏற்றிய நாளிலிருந்து 15 நாளுக்குள் ஒப்பந்தம், மீட்டர், இயக்கிவைப்பு எல்லாம் முடிய வேண்டும் என்பது 2024 திருத்தம். முன்பு 30 நாளாக இருந்தது. ஏற்றிய தேதியின் ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமாக வையுங்கள்.

படி 6: ஆய்வில் என்ன பார்ப்பார்கள்

முக்கியமாக ஒன்று: தெருவில் கரண்ட் போனால் உங்கள் இன்வெர்ட்டர் தானாக நிற்கிறதா? மெயினை அணைத்துப் பார்ப்பார்கள். உடனே நிற்க வேண்டும். ‘மாடியில் கொளுத்துகிற வெயிலில் சோலார் ஏன் சும்மா நிற்க வேண்டும்’ என்று நிறையப் பேருக்கு ஆதங்கம். லைன்மேன் பீஸைப் பிடுங்கிவிட்டு, கம்பியில் மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில் கம்பத்தில் ஏறுகிறார். அந்த நேரம் உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் போனால் அவர் உயிருக்கு ஆபத்து. அதற்காகத்தான் இந்த விதி. கரண்ட் திரும்பி வந்த பிறகும் லைன் ஒரு நிமிடமாவது நிலையாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் இன்வெர்ட்டர் மறுபடி இணைய வேண்டும்.

இதற்குத் துணையாக, கையால் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச். மின்வாரிய ஊழியர் எந்த நேரத்திலும் உங்களைக் கேட்காமல் எட்டிப் பிடிக்கிற இடத்தில், அணைத்த நிலையில் பூட்டுப் போடக்கூடியதாக இருக்க வேண்டும். பூட்டிய அறைக்குள்ளோ பீரோவுக்குப் பின்னாலோ வைக்காதீர்கள்.

படி 7: மத்தியானம் மட்டும் நின்றுபோகும் இன்வெர்ட்டர்

எங்கள் வீட்டு வேலை சிக்கிக்கொண்ட இடம் இதுதான். காலையில் நன்றாக ஓடும். பதினொன்றரை மணி வாக்கில் நின்றுவிடும், சில நிமிடத்தில் வரும், மறுபடி நிற்கும். மூன்று மணிக்கு மேல் ஒரு தொல்லையும் இல்லை. திரையில் கிரிட் ஓவர் வோல்டேஜ், அதாவது லைனில் வோல்டேஜ் அதிகம் என்று வரும். இன்வெர்ட்டர் பழுது என்று மாற்றித் தரச் சொல்வதற்கு முன் கீழே உள்ளதைப் படியுங்கள்.

2013 விதியின்படி வோல்டேஜ் 110 சதவீதத்தைத் தாண்டினாலோ 80 சதவீதத்துக்குக் கீழே போனாலோ இன்வெர்ட்டர் 2 விநாடிக்குள் விலக வேண்டும். 230 வோல்ட் லைனில் மேல் எல்லை 253 வோல்ட். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதுபோல, உங்கள் மின்சாரம் தெருவுக்குப் போக வேண்டுமானால் உங்கள் பக்கத்து வோல்டேஜ் தெருவைவிடச் சற்று உயர்ந்தே ஆக வேண்டும். வெயில் ஏற ஏற அனுப்பும் அளவும் கூடும், அந்த உயரமும் கூடும். ஏற்கெனவே லைன் 248இல் இருந்தால் 253ஐத் தொட அதிகம் தேவையில்லை.

கோளாறு உங்கள் வீட்டிலா, தெருவிலா? இதற்குத்தான் மல்டிமீட்டர். நல்ல வெயிலில், இன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஓடும்போது, இன்வெர்ட்டரின் ஏ.சி. முனையில் ஒருவரும் மீட்டர் போர்டில் ஒருவரும் ஒரே நேரத்தில் வோல்டேஜ் பாருங்கள். மின்சாரம் ஓடுகிற இடம் என்பதால் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் 4, 5 வோல்ட் இருந்தால் தவறு கம்பியில். 3 கிலோவாட் என்றால் சுமார் 13 ஆம்பியர். மாடியிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்திருந்தால் அதிலேயே சுமார் 6 வோல்ட் ஏறும். அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இரண்டரை வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஆம்பியரைத் தாங்குமா என்று மட்டும் பார்த்து 2.5 போதும் என்பார்கள். தாங்கத்தான் செய்யும், ஆனால் மத்தியானம் நிற்கும். அதனால் தூரம் இருந்தால் 6க்குக் குறைந்து வாங்காதீர்கள். லூசான முனைகளையும், குறிப்பாக நியூட்ரலை, முறுக்கிப் பாருங்கள்.

மீட்டரிலேயே 250க்கு மேல் காட்டினால் விஷயம் தெருவில். டிரான்ஸ்பார்மரில் டேப்பை (வெளியே வரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) உயர்வாக வைத்திருக்கலாம். மாலையில் எல்லார் வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது கடைசி வீட்டுக்கும் வோல்டேஜ் வர வேண்டுமே என்று அப்படி வைப்பது வழக்கம். அல்லது உங்கள் தெரு முழுக்க ஒரே பேஸில் சோலார் குவிந்திருக்கலாம். இரண்டையும் சரிசெய்யப் பிரிவு அலுவலகத்தால் மட்டுமே முடியும். வாய்ச்சொல்லாகப் போகாமல், காலை, மத்தியானம், மாலை வோல்டேஜை ஒரு வாரம் குறித்து, இன்வெர்ட்டர் ஆப்பில் வரும் தவறுப் பட்டியலையும் பிரிண்ட் எடுத்து, உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். எங்களுக்குக் கம்பி மாற்றியதில் பாதி தீர்ந்தது, பேஸ் மாற்றியதில் மீதி தீர்ந்தது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ‘பாஸ்வேர்ட் போட்டு லிமிட்டை 270 ஆக்கிடறேன்’ என்று சில டெக்னீஷியன்கள் முன்வருவார்கள். அந்த எல்லை உங்கள் ஃபிரிட்ஜையும் பக்கத்து வீட்டு டிவியையும் காப்பதற்காக இருப்பது. இன்வெர்ட்டரில் நாடு இந்தியா என்று வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

படி 8: மீட்டரைப் படிப்பது

திரை மாறிமாறி ஓடும். 1.8.0 என்ற குறியோடு வருவது நீங்கள் வாங்கியது, 2.8.0 அனுப்பியது. அனுப்பியதுதான் மொத்த உற்பத்தி என்று பலர் நினைத்து, ‘சோலார் பாதிதான் ஓடுது’ என்று கவலைப்படுகிறார்கள். உதாரணமாக, இரண்டு மாதத்தில் இன்வெர்ட்டர் 700 யூனிட் காட்டுகிறது, மீட்டரில் அனுப்பியது 450, வாங்கியது 400 என்று வையுங்கள். 250 யூனிட்டைப் பகலிலேயே வீடு நேராக எடுத்துக்கொண்டது, அது மீட்டரைத் தொடவே இல்லை. உங்கள் மொத்தச் செலவு 650. மிச்சம் 50 அடுத்த பில்லுக்கு.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

வீட்டில் ஏற்கெனவே யு.பி.எஸ். இன்வெர்ட்டர் இருக்கிறது என்றால், சோலார் இணைப்பை மெயின் பக்கத்தில் கொடுக்க வேண்டும். யு.பி.எஸ்.ஸிலிருந்து வெளியே வரும் லைனில் கொடுத்துவிட்டால், கரண்ட் போனபோது சோலார் அதையே தெரு லைன் என்று நினைத்து ஓடி யு.பி.எஸ்.ஸை எரித்துவிடும். ஒரு நண்பர் எழுதிய பிறகுதான் இதைச் சேர்க்கிறேன். எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாடியிலும் கீழேயும் தனித்தனி சர்வீஸ் வைத்திருப்பவர்களுக்கு: சோலாரை எந்த சர்வீஸில் இணைக்கிறீர்களோ அதன் பில்லில்தான் யூனிட் கழிக்கப்படும். ஒன்றில் மிச்சமானது இன்னொன்றின் பில்லுக்குப் போகாது. எந்த பில் அதிகமோ அதில் இணையுங்கள்.

எர்த் லீக் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத இன்வெர்ட்டர்களில் கொஞ்சம் கசிவு இயல்பு. அந்த வழியில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழும் பிரேக்கரைப் போட்டால் ஈரமான காலையில் விழத்தான் செய்யும். உங்கள் இன்வெர்ட்டர் கையேட்டில் எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்த்து, சோலார் வழிக்கு மட்டும் அதைப் போடுங்கள். வீட்டு பிளக்குகளுக்கு இருக்கும் 30ஐ மாற்ற வேண்டாம்.