பூங்கா விளக்குகள்: வரைபடத்திலேயே திருத்த வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், இந்த வேலைக்குப் புதிதாக வந்த இருவர் ஒரு பூங்காவின் விளக்கு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். குளத்தை ஒட்டிய பாதை முழுக்க 5000 கெல்வின் விளக்குகள். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு: எண் கூடினால் வெளிச்சம் வெள்ளையாகும், குறைந்தால் மஞ்சளாகும். நான் முதன்முதலில் போட்ட வரைபடமும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. எர்த் கம்பி, தண்ணீர் புகாத ஃபிட்டிங் போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் மறப்பதில்லை.

வாட்டுக்கு எத்தனை லுமென் என்று மட்டும் பார்ப்பது

விலைப்பட்டியலில் 3000 கெல்வினைவிட 5000 கெல்வினுக்கு லுமென், அதாவது விளக்கு தரும் மொத்த ஒளி, கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மின்சாரம் மிச்சமாகுமே என்று அதையே எடுத்தேன். அந்தப் பளீர் வெள்ளையில் நீலம் அதிகம். நீல ஒளிதான் காற்றில் கூடுதலாகச் சிதறி வானத்தை வெளுக்க வைக்கும், பூச்சிகளையும் அதிகமாக இழுக்கும்.

பூங்கா திறந்த சில வாரங்களில் ஒருநாள் விடிகாலையில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் அந்துப்பூச்சிகள் செத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் முதுகு தரையில் பட, இறகை அடித்துக்கொண்டு அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஏன் அப்படி என்பது 2024-இல் வந்த ஓர் ஆய்வைப் படித்தபோதுதான் புரிந்தது. பறக்கும் பூச்சிகள் வெளிச்சம் வரும் பக்கத்துக்கு முதுகைத் திருப்பிக்கொள்கின்றன. வானம் மேலே இருப்பதால் இயற்கையில் அது சரியாக வரும். விளக்குக்குப் பக்கத்தில் அதுவே கண்ணியாகிவிடுகிறது.

சரி, வெளிச்சத்தைக் குறைப்போம் என்றால், வாங்கிய டிரைவரில் (எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) டிம்மிங் வசதி இல்லை. எல்இடி பலகை ஃபிட்டிங்கோடு சேர்த்து மூடப்பட்டது, பழைய பல்பு மாதிரி கழற்றி மாட்ட முடியாது. கண்ணாடியில் ஆரஞ்சு ஃபிலிம் ஒட்டினோம். சூட்டில் சுருங்கி உரிந்தது. கடைசியில் எல்லா ஃபிட்டிங்கையும் மாற்றினோம், மரக்கன்றுகளுக்கு ஒதுக்கியிருந்த பணத்தில். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

குளத்தோரம், மரங்கள் அடர்ந்த இடம் என்றால் 2200 கெல்வின் அல்லது ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்). மற்ற பாதைகளுக்கு 2700. எங்கேயும் 3000-ஐத் தாண்டாதீர்கள். டிம்மிங் டிரைவர் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். மொத்தமாக வாங்கும் முன் இரண்டு ஃபிட்டிங்கை மட்டும் மாட்டி, ராத்திரியில் அங்கே போய்ப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை இருட்டில் நின்றுவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்கள்.

உருண்டை விளக்கு

வேண்டாம். பாதி வெளிச்சம் வானத்துக்குத்தான் போகும்.

மரத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி வெளிச்சம்

ஒன்றுகூட வேண்டாம். மேலே பறவைகள் தூங்குகின்றன.

வெளிச்சம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நம்புவது

கண் கூசும் ஒரு கம்பத்துக்கு அருகில் நின்று, விளக்கைக் கையால் மறைத்துப் பாருங்கள். அதுவரை தெரியாத பெஞ்சும் அதில் உட்கார்ந்திருப்பவரும் சட்டென்று தெரிவார்கள். தரையில் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். முழுநிலவு தருவது ஒரு லக்ஸில் பாதிகூட இல்லை, அதிலும் நடக்க முடிகிறது. விளக்கு முகம் கண்ணில் படாமல் மறைத்து, வெளிச்சத்தைத் தரையில் சீராகப் பரப்பினால் போதும்.

விடிய விடிய எரியவிடுவது

கேட் பூட்டியதும் அணைய வேண்டும். சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிடும் டைமரை வாங்குங்கள். சாதா டைமரைப் பருவம் மாறும்போது யாரும் மாற்றி வைப்பதில்லை. காவலாளி சுற்றும் பாதைக்கு மட்டும், அசைவு தெரிந்தால் விளக்கைப் போடும் சென்சார் போடுங்கள். அதையும் மரக்கிளை ஆடும் பக்கம் பார்த்து வைக்காதீர்கள். காற்றடிக்கும் ராத்திரி முழுக்க எரிந்து எரிந்து அணையும்.