ஹீட் ட்ரீட்மென்ட்: காற்று சூடானதைக் கணக்கில் எடுக்காதீர்கள்

போன மாதம் ஒரு மாவு ஆலையில் புதிய குழு ஒன்று ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது கட்டடத்தையே சூடாக்கிப் பூச்சிகளைக் கொல்லும் வேலை, செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை, சும்மா வேடிக்கைதான். ஆள் உயரத்தில் கட்டியிருந்த தெர்மாமீட்டர் 50 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் ஒருவன் கைப்பேசியில் படம் பிடித்தான். இன்னொருவன் நோட்டில் மணியைக் குறித்துக்கொண்டு, "இதிலிருந்து 24 மணி நேரம்" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் அதே வரியை அதே தெம்போடு எழுதியவன் நான்.

மூட்டைகளை வெளியேற்றுவது, கதவிடுக்கை அடைப்பது எல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடிகாரத்தை எப்போது தொடங்குவது

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களில் பலர் புகைமூட்டத்திலிருந்து, அதாவது விஷவாயு விட்டுப் பூச்சி கொல்லும் வேலையிலிருந்து, வருகிறார்கள். அதற்குப் பயன்பட்ட மீதைல் புரோமைடு வாயு மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளர்ந்த நாடுகளில் 2005-லும் வளரும் நாடுகளில் 2015-லும், சில விதிவிலக்குகள் தவிர, நிறுத்தப்பட்டது. அதன் பிறகு வெப்பத்துக்கு மாறிய ஆலைகள் நிறைய. ஆனால் பழைய கைப்பழக்கம் போகவில்லை. வாயு சந்துபொந்தெல்லாம் தானாகப் புகுந்துவிடும். சூடும் அப்படித்தான் புகும் என்று நினைத்துவிடுகிறார்கள். சூடு மேலே போகும். கூரைக்கடியில் 60 இருக்கும்போது தரையில் 42 இருக்கும்.

கட்டடத்தை 50 முதல் 60 டிகிரிக்குள் கொண்டுவந்து ஏறக்குறைய ஒரு நாள் நிறுத்தி வைப்பதுதான் வழக்கமான முறை. ஏன் ஒரு நாள்? 50 டிகிரியில் வளர்ந்த வண்டு இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. மிச்ச நேரமெல்லாம் கட்டடத்துக்காக. கான்கிரீட்டும் இரும்பும் இயந்திரத்தின் வயிறும் சூடேற அவ்வளவு நேரம் பிடிக்கும். இது புரியாமல்தான் காற்று சூடான நிமிடத்திலிருந்து நான் மணியை எண்ணினேன்.

அன்று எங்கள் சென்சார்களை எல்லாம் குழாய்களில் கம்பி போட்டுத் தலை உயரத்தில் தொங்கவிட்டிருந்தோம். கை எட்டும் இடம், படிக்கச் சுலபம். எல்லாமே 55, 56 காட்டின. 24 மணி நேரம் முடிந்து ஹீட்டரை அணைத்து, ஆலையின் சூடு இறங்கி ஆறிய பிறகு அடித்தளத்துக்குப் போனேன். மூலையில், வெளிச்சுவரை ஒட்டி, பக்கெட் எலிவேட்டரின் (மாவை மேலே தூக்கும் இயந்திரம்) பூட், அதாவது அடிப்பெட்டி, இருந்தது. அதன் கிளீன்-அவுட் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சாண் ஆழத்துக்குப் பழைய மாவு. மேல்பகுதி வெதுவெதுப்பாக இருந்தது. விரலை இன்னும் இறக்கினேன், நிழலில் கிடந்த மணலைப் போலச் சூடே தெரியவில்லை. ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் மாவு ஓரிடத்தில் லேசாக அசைந்தது. சிவப்பு மாவு வண்டு ஒன்று தலையை வெளியே நீட்டி, தாளின் ஓரத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தது. அதன் பின்னால் இன்னொன்று.

கம்பி சென்சாரை மாவுக்குள் செருகினேன். 36 டிகிரி. மாவு வண்டு செழித்து வளரும் சூடு 32 முதல் 35 வரை. ஒரு ராத்திரி முழுக்க எரிபொருளைக் கொட்டி அவற்றுக்கு இதமாக அடைகாத்துக் கொடுத்திருக்கிறோம்! ஆறு வாரத்தில் பூச்சிப் பொறிகள் நிரம்பின. மறுபடியும் ஆலையை நிறுத்தி, மறுபடியும் ஹீட்டர் இறக்கி, எங்கள் சொந்தச் செலவில் செய்து கொடுத்தோம். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அந்தக் கதவைத் திறந்து கூட்டி எடுக்க அரை மணி நேரம் போதும்.

மாவுத் துகள்களுக்கு நடுவே காற்று அடைபட்டிருப்பதால் அது கம்பளி மாதிரி, சூட்டை உள்ளே விடாது. தரையோ சூட்டை மண்ணுக்கு இறக்கிக்கொண்டே இருக்கும். பூச்சியும் சும்மா நின்று சாகாது. சுடும் இடத்தை விட்டுக் குளிர்ந்த இடத்துக்கு நகரும், தரை விரிசலுக்கும் மாவுக் குவியலுக்கும். நாம் அளக்காத இடமும் அது ஓடி ஒளியும் இடமும் ஒன்றுதான்.

ஆகவே சென்சாரை மோசமான இடத்தில் வையுங்கள்: தரையும் வெளிச்சுவரும் சேரும் மூலை, எலிவேட்டர் அடிப்பெட்டியின் அடி, மாவைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்க்ரூ கன்வேயரின் கடைக்கோடி, இயந்திரக் காலின் கீழ். கடைசி சென்சார் 50-ஐத் தொடும்போதுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. ஃபேன்களைத் தரையில் வைத்து, குளிர்ந்த மூலை தெரியத் தெரிய இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முறை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிற வேலை இல்லை இது.

அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் குளிர்ந்த மூலையைத் தேட நல்ல கருவி. ஆனால் பளபளக்கும் எவர்சில்வர் பரப்பில் அதன் பேச்சை நம்ப வேண்டாம். எதிரே இருப்பதன் சூட்டைப் பிரதிபலித்துத் தப்பாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, கொஞ்சம் பொறுத்து, டேப்பின் மேல் குறி வையுங்கள்.

போன மாதத்துத் தம்பியிடம், "எலிவேட்டர் அடியில் எவ்வளவு இருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். அங்கே சென்சாரே இல்லை. ஒன்றைக் கொண்டுபோய்ச் செருகினோம். 41. நோட்டில் எழுதிய மணியை அவனே அடித்தான். "முதலில் மாவை வாரிவிட்டு வருகிறேன் அண்ணா" என்று எழுந்தவனை உட்கார வைத்தேன். அந்தச் சூட்டில் தனியாக இறங்கி வாரும் வேலை அது இல்லை. முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டியது.

அவசரமாக ஏற்றுவது

மணிக்கு 3 முதல் 5 டிகிரி போதும். மெல்லிய தகடு சட்டென்று சூடாகி விரியும், தடித்த கான்கிரீட் பின்தங்கும், இணைப்புகளில் விரிசல் விழும். இறக்கும்போதும் அதே நிதானம் வேண்டும். முடிந்தது என்று எல்லா ஷட்டரையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, அப்புறம் விரிசலுக்குக் காரணம் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். இழுவை பெல்ட்டுகளை முன்பே தளர்த்துங்கள்.

ஸ்ப்ரிங்க்ளர்

தீ பிடித்தால் தண்ணீர் தெளிக்கக் கூரையில் இருக்கும் ஸ்ப்ரிங்க்ளரின் கண்ணாடிக் குமிழ் சூட்டில் உடைந்தால் தண்ணீர் கொட்டும். அதன் நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு 57 டிகிரியில் உடையும், சிவப்பு 68-ல். சூடு சேர்வதும் கூரையில்தான்.

சோதனைக் கூண்டில் வளர்ந்த வண்டை வைப்பது

சிகிச்சை பலித்ததா என்று பார்க்கச் சிறு கூண்டுகளில் பூச்சிகளை வைப்பது நல்ல வழக்கம். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறது என்று வளர்ந்த வண்டை வைக்கிறார்கள். சிவப்பு மாவு வண்டில் வெப்பத்தை அதிகம் தாங்குவது முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த இளம் புழு. 50 டிகிரியில் மற்ற நிலைகளைவிடப் பல மணி நேரம் கூடுதலாகப் பிழைத்துக் கிடக்கும். 54-ஐத் தாண்டினால் அந்தத் திமிர் வேகமாகக் குறைகிறது. கூண்டில் வண்டு செத்தது உங்களுக்குத் தெம்பு தரும், புழு செத்தால்தான் செய்தி.

உள்ளே தனியாகப் போவது

போகக் கூடாது.

மறுநாள் காலை

வெப்பம் எச்சம் எதையும் விட்டுவைப்பதில்லை. சாப்பாட்டுப் பொருள் தயாராகும் இடத்தில் அது வரம்தான், ஆனால் மறுநாள் கதவிடுக்கு வழியாக வரும் வண்டைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை என்பதும் அதே காரணத்தால்தான். பூச்சி எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்காமல் சூடேற்றினால் அடுத்த வருடமும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். சிலருக்கு அதுவே வசதி.

ஆலையை மறுபடி ஓட்டும்போது முதலில் வரும் மாவை ஒதுக்கிவிடுங்கள். குழாய்களுக்குள் செத்துக் கிடந்ததெல்லாம் அதோடுதான் வெளியே வரும். அதைச் சலித்து, சல்லடையில் தங்கியதை எண்ணிப் பாருங்கள். எந்த இயந்திரத்துக்குக் கீழிருந்து அதிகம் வந்ததோ, அடுத்த முறை சென்சார் அங்கே போக வேண்டும்.