ஹம்பக்கர் வாங்கும் முன் கிலோ ஓம் கணக்கை மூடி வையுங்கள்

ஜூன் பிறந்துவிட்டால் தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கொயர் பையன்கள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரத் தொடங்குவார்கள். ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழா, அதற்குள் சவுண்டை ஏற்ற வேண்டும். புது ஹம்பக்கர் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் இரண்டு காயில் உள்ள வகை) ஏற்கெனவே பைக்குள் இருக்கும். வாங்கிய பிறகுதான் யோசனை கேட்பார்கள். ஒயர் கலர் மாறி ஈயம் வைப்பது போன்றவை ஒருமுறை பட்டால் தானாகத் தெரிந்துவிடும், அவற்றை விடுவோம். காசைத் தின்னும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கிலோ ஓம் பார்த்து வாங்குவது

"அண்ணே, எங்கிட்ட இருக்கிறது எட்டு கிலோ ஓம். இது பதினாறு. ரெண்டு மடங்கு பவர்தானே?"

எனக்கு எரிச்சல் கேட்கிற தம்பி மீது இல்லை, அப்படிச் சொல்லி அவன் தலையில் கட்டியவர்கள் மீது. கிலோ ஓம் என்பது பிக்கப்பின் காயிலில், அதாவது கம்பிச் சுருளில், உள்ள கம்பியின் மின்தடை, அவ்வளவுதான். வலையின் நீளத்தைக் கேட்டுவிட்டு எத்தனை கிலோ மீன் விழும் என்று கணக்குப் போடுவதைப் போன்றது இது. கம்பி மெலிந்தாலே மின்தடை கூடும். 42 கேஜுக்குப் பதிலாக அதைவிட மெல்லிய 43 கேஜ் கம்பியில் அதே எண்ணிக்கை சுற்றினால் ஏறக்குறைய கால் பங்கு ஏறிவிடும். மே மாத வெயிலில் பத்து டிகிரி சூடு கூடினால் எட்டு என்பது 8.3 ஆகிவிடும். அதனால் சத்தம் கூடிவிட்டதா என்ன?

எத்தனை சுற்று, என்ன காந்தம், பிக்கப் தந்திக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒலி. சீமோர் டங்கன் கம்பெனியின் ஜேபி பிக்கப் சுமார் 16 கிலோ ஓம், காந்தம் ஆல்நிக்கோ 5. டிமார்சியோ கம்பெனியின் சூப்பர் டிஸ்டார்ஷன் 14-க்குள்தான், காந்தம் செராமிக். சத்தத்தில் அது எந்த வகையிலும் இளைத்ததல்ல. கிப்சன் கிட்டார் கம்பெனியில் சேத் லவர் 1955-ல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1959-ல் கிடைத்தது. இன்றும் ஆட்கள் தேடி அலையும் அந்தக் காலத்துப் பிக்கப்புகள் பெரும்பாலும் 7 முதல் 9 கிலோ ஓம்தான்.

பாம்பன் தம்பி ஒருவன் பதினாறு கிலோ ஓம் பிக்கப்பை நெக் (கழுத்துப் பக்கம்), பிரிட்ஜ் (தந்தி முடியும் பக்கம்) இரண்டிலும் மாட்டியிருந்தான். வாசிப்பதோ பூசைப் பாட்டுக்குச் சுத்தமான கார்டு. நெக் பக்கம் தந்தி அதிகமாக ஆடும் இடம், அங்கே இவ்வளவு முரட்டுப் பிக்கப் இருந்தால் கார்டில் எந்தச் சுரமும் தனியாகக் கேட்காது. கீபோர்டு சேர்ந்ததும் வெறும் 'பூம்' மட்டும்தான். இரண்டையும் கழற்றிப் பழையதையே வைத்தேன். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவே பிரிட்ஜில் 1.6 மில்லிமீட்டர், நெக்கில் 2.4 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தேன். அவன் கேட்ட சத்தம் வந்துவிட்டது. ஒரு ஸ்க்ரூடிரைவர் செய்கிற வேலைக்கு அந்தப் பிள்ளை கடன் வாங்கியிருக்கிறான்.

ஆகவே முதலில் பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பிறகும் போதவில்லை என்றால், நெக், பிரிட்ஜ் இரண்டுக்கும் தனித்தனியாகச் சுற்றிய ஜோடியாக வாங்குங்கள்.

வால்யூம் குமிழுக்கு அடியில் பழைய 250 கிலோ ஓம் 'பாட்'டை (திருகும் மின்தடையை) விட்டுவைப்பது

ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் போடுங்கள். இல்லையென்றால் மேல்சுரம் மங்கும்.

ஆக்டிவ் மீது ஆசை

ஆக்டிவ் என்பது பேட்டரியில் ஓடும் பிக்கப். மாற்று 9 வோல்ட் பேட்டரி கையோடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

உப்புக்காற்றை மறப்பது

நம் ஊரில் கவர் இல்லாத பிக்கப்பின் ஸ்க்ரூக்கள் சீக்கிரமே துரு பூசிக்கொள்ளும். துருத்தூளைக் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும், ஊதினால் போகாது. செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள். முடிந்தால் கவர் போட்டதே வாங்குங்கள்.

இரைச்சல் வந்தால் ஹம்பக்கரைக் குறை சொல்வது

ஹம்பக்கரின் இரண்டு காயில்களும் ஒன்றுக்கொன்று எதிராக இருப்பதால் மின்காந்த 'ஹம்' அடங்கும். மேடையில் ஜெனரேட்டரும் சீரியல் செட்டும் கிளப்பும் எல்லா இரைச்சலும் அடங்கிவிடாது. தந்தியைத் தொட்டதும் குறைந்தால் கிட்டாரின் உள்குழியில் செப்புத் தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்துவிடுங்கள். கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் இரைந்தால் கோளாறு கேபிளிலோ ஆம்பிலோ மேடையின் எர்த்திலோ இருக்கிறது. பிக்கப்பில் கை வைக்காமல் சவுண்ட் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள்.