பழைய உளியை வாங்கும் முன் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

பழைய இரும்புக் கடையில் உளி எடுத்தால் பிடியைப் பார்க்காதீர்கள், அதை மாற்றிக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது தட்டையான பின்பக்கம். வெட்டும் முனையை ஒட்டித் துரு குழி விட்டிருந்தால் வேண்டாம். எவ்வளவு தீட்டினாலும் விளிம்பு பல் பல்லாகத்தான் நிற்கும். மேலோட்டமான துரு என்றால் பயமில்லை.

இரும்புப் பகுதி மட்டும் மூழ்கும்படி வெள்ளை வினிகரில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் அமிலம் நல்ல எஃகையும் அரிக்கும். எடுத்துத் தேய்த்து, 1 லிட்டர் நீரில் 1 மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். தாமதித்தால் கண்ணெதிரே மறுபடி துரு பூக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடிக்கும்.

கண்ணாடித் தகட்டின் மேல் எமரி தாளை வைத்து 220, 400, 1000 என்ற எண் வரிசையில் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) பின்பக்கத்தைச் சமமாக்குங்கள். பிறகு வெட்டும் முனையின் சரிவு: 25 டிகிரி, அதாவது உளியின் தடிமனைப்போல் இரண்டேகால் மடங்குக்குச் சற்றுக் கூடுதலான நீளம். சாணை பிடிக்கும் கிரைண்டரில் பிடித்தால் அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். முனை நீலமாகிவிட்டால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது. நீலம் தாண்டும்வரை தேய்த்துத் தள்ளுவதைத் தவிர வழியில்லை.