லூசியானாவில் ஒரு சிற்றூரின் வரலாற்றையும் நிர்வாகத்தையும் ஆராயும் முறை

அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்றான லூசியானாவில், ஆயிரம் பேருக்கு மேற்படாத மக்கள்தொகை கொண்ட நகராட்சி அமைப்பைச் சட்டம் 'வில்லேஜ்' என வகைப்படுத்துகிறது. அத்தகைய ஊரைப் பற்றித் தனி நூல் கிடைப்பது அரிது என்பதால், ஆவணங்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் அவ்வூர் எந்தப் பாரிஷில் அடங்கியது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிற மாநிலங்களில் கவுன்டி என வழங்கும் பிரிவே இங்கு பாரிஷ். மொத்தம் 64 உள்ளன. நிலக் கிரயப் பதிவேடுகள் பாரிஷின் நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் இருக்கும். பாரிஷ் எப்போது உருவானது என்பதையும் பாருங்கள். ஆலன் பாரிஷ் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்கஷூவிலிருந்து பிரிந்தது என்பதால், அப்பகுதியின் பழைய பத்திரங்களைத் தாய்ப் பாரிஷில் தேட வேண்டியிருக்கும்.

மிகுந்த பொறுமையைக் கோரும் பகுதி கறுப்பின மக்களின் வரலாறு; அதை விட்டுவிட்டு எழுதப்படும் ஊர் வரலாறு முழுமையானதன்று என்பது என் உறுதியான கருத்து. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணைகளில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயதும் பாலினமும் நிறமும்தான் வரிசையாக நிற்கும். அடிமைப்பட்டிருந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இரா. விடுதலை பெற்றோர் அனைவரும் பெயருடன் பதிவான முதல் கூட்டாட்சிக் கணக்கெடுப்பு 1870ஆம் ஆண்டினது. ஆயினும் லூசியானாவின் சட்டம் அடிமைகளை அசையாச் சொத்தாகக் கருதியதால், அவர்களை விற்ற பத்திரங்கள் நிலப் பத்திரங்களைப் போலவே எழுதிப் பதியப்பட்டன. அவற்றில் பெயரும் வயதும் கிடைக்கின்றன. ஆகவே 1870இல் காணும் குடும்பத்திலிருந்து பின்னோக்கிச் சென்று, அண்டைத் தோட்ட உடைமையாளர்களின் பெயர்களைக் கிரய அட்டவணைகளில் தேடுங்கள். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921இல் நேர்ந்த தீவிபத்தையடுத்து அழிந்துபோனதால், அந்த இடைவெளியை வரிப்பட்டியல்களாலும் தேவாலயப் பதிவேடுகளாலும் நிரப்ப வேண்டும்.

ஊர்ப்பெயர் எப்போது நிலைபெற்றது என்பதற்கு, தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள அஞ்சல் அதிகாரி நியமனப் பதிவுகள் நல்ல சான்று.

நிர்வாகத்துக்கு வருவோம். தனிச் சாசனம் இல்லாத ஊர்கள் 1898ஆம் ஆண்டின் லாரசன் சட்டத்தின்படி இயங்குகின்றன. வில்லேஜ் ஒன்றுக்கு மேயரும் ஆல்டர்மன் எனப்படும் மூன்று மன்ற உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். மூவரே உள்ள மன்றத்தில் இருவரின் இசைவு எத்துணை முடிவுகளைத் தீர்மானிக்கிறது என்பதைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளில் காணலாம். அக்குறிப்புகள் ஊரின் அதிகாரபூர்வ நாளிதழாகவோ வார இதழாகவோ அறிவிக்கப்பட்ட பத்திரிகையில் வெளியாகும். அதன் பழைய இதழ்கள் பாரிஷ் நூலகத்தில் உள்ளனவா என விசாரியுங்கள்.

வரவு செலவை அறிய, மாநிலச் சட்டமன்றத் தணிக்கையாளரின் இணையதளத்தில் ஊரின் பெயரைத் தேடி ஆண்டறிக்கைகளைப் பதிவிறக்குங்கள். குடிநீர்க் கட்டணம், விற்பனை வரி, போக்குவரத்து அபராதம் ஆகிய மூன்று வருவாய் இனங்களையும் ஆண்டுவாரியாக ஒப்பிடுங்கள். நெடுஞ்சாலையோரச் சிற்றூர்கள் சிலவற்றில் அபராதமே பெருவருவாய் என்பது அப்போது தெரியவரும். தணிக்கையாளர் சுட்டிய குறைகளுக்கு மேயர் அளித்த பதிலும் அறிக்கையின் இறுதியில் இருக்கக்கூடும். அதைத் தவறாமல் படியுங்கள்.

வெளியிடப்படாத ஆவணம் வேண்டுமெனில் ஊர் எழுத்தரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பொது ஆவணங்களைப் பார்வையிடும் உரிமையை 1974ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பே அளிக்கிறது. ஆண்டையும் பொருளையும் குறிப்பிட்டுக் கேட்டால், ஓரிரு பணியாளர்களே உள்ள அலுவலகத்தால் விரைந்து எடுத்துத்தர இயலும்.