பெட்டைக் குதிரையின் சினைப்பருவத்தைக் கணிப்பது எப்படி? மாட்டுக் கணக்கு இங்கே செல்லாது

திருவொற்றியூரில் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு வண்டி ஓட்டும் உறவினர் ஒருவர் தம் பெட்டைக் குதிரையைச் சினைப்படுத்த விரும்பியபோது, மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவன் என்ற தைரியத்தில் நான்தான் நாள் குறித்துக் கொடுத்தேன். “காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் சினை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில்” என்ற மாட்டுக்காரர் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, பருவம் அடங்கும் நேரமே சரியான நேரம் என்று சொல்லிவிட்டேன். அதனால் அந்தச் சுற்று முழுவதும் வீணாயிற்று.

பசுவின் பருவம் சுமார் 18 மணி நேரமே நீடிக்கும். அது முடிந்து 10 முதல் 14 மணி நேரம் கழித்துத்தான் சினைமுட்டை வெளிப்படும். பெட்டைக் குதிரைக்கோ பருவம் பெரும்பாலும் 5 முதல் 7 நாட்கள் நீடிக்கிறது. அந்தப் பருவம் முடிவதற்கு 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே முட்டை வெளிப்பட்டுவிடுகிறது. வெளிப்பட்ட முட்டையின் ஆயுள் ஒரு நாளைத் தாண்டாது. பருவம் அடங்கட்டும் என்று காத்திருப்பவர் முட்டை இறந்த பிறகுதான் வந்து சேருவார்.

படி 1: நோட்டுப் புத்தகம்

ஒரு முட்டை வெளிப்பாட்டிலிருந்து அடுத்த வெளிப்பாடு வரை ஒரு சுற்று. அது 21 அல்லது 22 நாட்கள். குதிரைக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்து, தினமும் ஒரே நேரத்தில் பார்த்ததை எழுதுங்கள். பருவத்தில் இருக்கும் குதிரை பின்னங்கால்களைச் சற்று அகட்டி, வாலை ஒருபக்கமாகத் தூக்கி, சிறுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சும். பிறப்புறுப்பின் கீழ் உதடு கண் சிமிட்டுவதுபோல் திறந்து திறந்து மூடும். பருவம் இல்லாத குதிரை, ஆண் குதிரையைக் கண்டதும் காதுகளைப் பின்னுக்கு மடக்கி, கத்தி, உதைக்க வரும். ஆண் குதிரையைக் காட்டிப் பார்ப்பதானால் இரண்டுக்கும் நடுவே உறுதியான தடுப்பு கட்டாயம் வேண்டும். எங்கள் சந்துகளின் அகலத்தில் இதைச் செய்து பார்க்க நினைக்கவே வேண்டாம். திறந்த இடத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

படி 2: எந்த நாளில் எந்த ஹார்மோன்

மூளையின் அடிப்பகுதியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன், சினைப்பையில் முட்டை தாங்கிய நீர்க்குமிழ்களை வளர்க்கிறது. அவற்றுள் ஒன்று மற்றவற்றை முந்திப் பெருத்து, ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. வால் தூக்குவதும் கண் சிமிட்டலும் இதன் வேலைதான். பின்னர் எல்.எச். ஹார்மோன் குமிழை உடைக்கிறது. பசுவில் எல்.எச். சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். குதிரையிலோ அது பல நாட்களாக மெல்ல மெல்ல ஏறி, முட்டை வெளிப்பட்டதற்கு மறுநாள்தான் உச்சத்தைத் தொடுகிறது. பருவம் இவ்வளவு நீளமாகவும் முடிவு நாள் நிச்சயமில்லாமலும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு விநோதமும் உண்டு: மற்ற கால்நடைகளுக்குச் சினைப்பையின் மேற்பரப்பில் எங்கு வேண்டுமானாலும் முட்டை வெளிப்படலாம், குதிரைக்கு மட்டும் ஒரே ஒரு குழிவின் வழியாகத்தான் வெளியே வரும்.

குமிழ் உடைந்த இடத்தில் மஞ்சள் திரள் உருவாகிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அது இருக்கும்வரை குதிரை ஆணை அண்டவிடாது. சினை பிடிக்காவிட்டால், ஏறத்தாழ 14 அல்லது 15ஆம் நாளில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை அனுப்பி மஞ்சள் திரளை அழித்து, அடுத்த சுற்றைத் தொடங்கி வைக்கிறது.

படி 3: ஸ்கேன்

வெளி அடையாளங்கள் பருவத்தைச் சொல்லுமே தவிர, முட்டை வெளிப்படும் நாளைச் சொல்லமாட்டா. அதற்கு மலக்குடல் வழியாகச் செய்யும் ஸ்கேன்தான் வழி. அதைக் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு, 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அருகிலேயே வேப்பேரியில் இருப்பது ஒரு கொடுப்பினை.

திரையில் குமிழ் கருவட்டமாகத் தெரியும். பருவத்தில் அது நாளொன்றுக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்ந்து, பெரும்பாலும் 35 மில்லிமீட்டரைத் தாண்டிய பிறகே உடையும். கருப்பையின் சுவர் நீர்கோத்து, சாத்துக்குடியைக் குறுக்கே அறுத்துப் பார்த்ததுபோல் சுளை சுளையாகத் தெரியும். அந்தச் சுளைகள் மங்கத் தொடங்கி, குமிழும் மெத்தென்று ஆகிவிட்டால் முட்டை வெளிப்படும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். குமிழின் அளவைவிட இந்தச் சுளைகள் மங்குவதையே நான் முதலில் கேட்டுக்கொள்வேன்.

படி 4: நேரம் குறித்தல்

நேரடி இணைசேர்க்கையானால், முட்டை வெளிப்படுவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் நடந்தால் போதும். விந்தணு அதுவரை தாக்குப்பிடிக்கும். குளிரூட்டிய விந்துக்கு 24 மணி நேரமே அவகாசம். உறைவிந்துக்கு முட்டை வெளிப்படுவதற்கு முந்தைய சுமார் 12 மணி நேரமும் பிந்தைய 6 மணி நேரமும்தான் கிடைக்கும். அதற்கு இரவிலும் ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். குமிழ் 35 மில்லிமீட்டரைத் தொட்டு, சுளைகளும் தெளிவாக இருக்கும்போது முட்டை வெளிப்பாட்டைத் தூண்டும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் ஊசியை மருத்துவர் போட்டால், பெரும்பாலான குதிரைகளில் சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளிப்படும்.

முட்டை வெளிப்பட்டு 5 நாட்களுக்கு மேல் ஆன குதிரையைச் சீக்கிரம் பருவத்துக்குக் கொண்டுவரப் புரோஸ்டாகிளாண்டின் ஊசியும் உண்டு. போட்டதும் குதிரை வேர்த்து, வயிற்றுவலி வந்ததுபோல் சிறிது நேரம் தவிக்கும். இந்த மருந்து மனிதத் தோல் வழியாகவும் உள்ளே போகும் என்பதால், கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்துப் புட்டியைத் தொடவே கூடாது.

படி 5: மாதமும் வெளிச்சமும்

இரவு நீளும்போது, இருட்டில் சுரக்கும் மெலடோனின் என்னும் ஹார்மோன் கூடி, சினைப்பையை உறங்கவைக்கிறது. குளிர்நாடுகளில் அதனால் விளக்கு போட்டு நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சம் கொடுக்கிறார்கள். சென்னையில் டிசம்பரிலும் பகல் 11 மணி நேரத்துக்கு மேல் உண்டு. ஜூனிலும் 13 மணியை எட்டுவதில்லை. வித்தியாசம் குறைவாக இருப்பதால், இன்ன மாதங்களில்தான் பருவம் வரும் என்ற அந்நாடுகளின் கணக்கை அப்படியே நம்பாமல் உங்கள் நோட்டையே நம்புங்கள்.

படி 6: சினை பார்த்தல்

முட்டை வெளிப்பட்ட 14 முதல் 16 நாட்களுக்குள் முதல் ஸ்கேன் எடுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. குதிரைக்கு இரட்டைச் சினை ஆபத்தானது. பெரும்பாலும் இரண்டும் தங்காது. 16ஆம் நாள்வரை கருக்கள் கருப்பைக்குள் நகர்ந்துகொண்டே இருப்பதால், அதற்குள் ஒன்றைப் பிரித்து அகற்றுவது மருத்துவருக்கு எளிது.

சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். குட்டி போட்ட தேதியையும் அதே நோட்டில் எழுதிவையுங்கள். 5 முதல் 12 நாட்களுக்குள் தாய்க்குதிரை மறுபடியும் பருவத்துக்கு வரக்கூடும் என்பதால், ஐந்தாம் நாள் காலையிலிருந்தே அதன் வாலைக் கவனிக்கத் தொடங்க வேண்டும்.